வியாபாரப் போக்குவரவும் அதற்குரிய அளவுகோல்களும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் குழுமியிருந்த காலை, மயிலாப்பூரில் நிகழ்த்திய பிரசங்கத்தின் எழுத்து வடிவம்.)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்ட மாத்திரத்தில் சிலருக்குச் சுவையற்றதாகத் தோன்றக்கூடும். சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டு சேர்ப்பதில் எவற்றை அளந்து பார்ப்பது என்பதே அவ்விஷயம். ஆயினும் இச்சபையில் வீற்றிருப்போரில் பலருடைய குடும்ப ஜீவனம் இதைப் பொறுத்திருக்கின்றமையால் சிறிது பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரத்துக் கடைத்தெருக்களிலும், அடையாற்றிலும் நம்மவர் இரண்டு மூன்று தலைமுறைகளாக மளிகை, பாத்திரம், ஜவுளி, மருந்து முதலிய வியாபாரங்களை நடத்தி வருகின்றனர். அவர்தம் இல்லங்களில் இப்போது ஒரு கேள்வி எழுந்திருக்கின்றது. படித்த பிள்ளைகள் தந்தையாரை நோக்கி, "அப்பா, கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் நிச்சயமாக ஒரு தொகை வருமே, ஏன் இந்தப் பாடு?" என்று வினவுகின்றனர். தந்தையாரோ, "உன் பாட்டனார் வைத்த கடை, மூட மாட்டேன்" என்கின்றார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவர் கையிலும் கணக்கு இல்லை. கடையில் நஷ்டம் எந்த இடத்தில் உண்டாகின்றது, அது தீரக்கூடியதா அன்றா என்று அறியாமல் மூடுவதும் பிழை; நடத்துவதும் பிழை. அதை அறிவதற்கு வேண்டிய அளவுகோல்களைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நம் முன்னோர் கணக்கில் வல்லவர்கள். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் மூன்றையும் அவர்கள் ஒழுங்காக எழுதிவந்தனர். ஆனால் ஐந்தொகை வருஷ முடிவில் ஆதாயத்தையோ நஷ்டத்தையோ காட்டுமேயன்றி, அது எங்கே உண்டாயிற்று என்பதைக் காட்டாது. மண்டியில் வாங்கிய மூட்டை வண்டியேறி, கிடங்கில் இறங்கி, சில்லறையாகப் பிரிந்து, வாடிக்கைக்காரர் வீட்டுப் படியேறும் வரையில் நிகழும் காரியங்கள் அனைத்தையும் ஒருங்கே சேர்த்து இக்காலத்தார் லாஜிஸ்டிக்ஸ் என்கின்றனர். இதில் காலம் வீணாகின்றது, இடம் அடைபடுகின்றது, முதல் முடங்குகின்றது, சரக்கு சேதமாகின்றது, வாடிக்கை கைவிட்டுப் போகின்றது. இவை ஐந்தும் பேரேட்டில் தனித்தனியே ஏறுவதில்லை. ஆகையால் இவற்றுக்கு வேறு அளவுகள் வேண்டும்.

அளவுகளைத் தேர்வதில் முதன்முதல் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. எதை அளந்து அதற்குக் கூலியோ புகழோ கொடுக்கின்றோமோ, மனிதர் அதையே விளைவித்துக் கொடுப்பர், அளக்காததை விட்டுவிடுவர். இதற்குப் பாலைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது.

பாலைப் படியால் மாத்திரம் அளந்து விலை கொடுத்தால் என்ன நேரும்? தண்ணீர் சேரும். அமெரிக்க தேசத்திலும் ஒரு காலத்தில் வெண்ணெய்ச் சாலைகள் எடையைக் கொண்டே பாலுக்கு விலை கொடுத்தன. நல்ல பால் கொடுப்பவனும் நீர்த்த பால் கொடுப்பவனும் ஒரே விலை பெற்றனர். 1890ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர் பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். அதன் பின்னரே நேர்மையான குடியானவனுக்கு நியாயமான விலை கிட்டியது. நம் தேசத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பு ஒன்றை மாத்திரம் பாராமல், கொழுப்பல்லாத திடச் சத்தையும் சேர்த்தே பார்த்து விலை வைக்கின்றன. ஒரு அளவை ஏமாற்றுபவனை மற்றோர் அளவு காட்டிக்கொடுக்கும் என்பதே இதன் தாத்பரியம்.

இவ்வாறு இணை அளவு வையாத இடத்தில் விளைந்த கேட்டை 2008ஆம் ஆண்டில் சீன தேசத்தில் உலகம் கண்டது. அங்கே பாலின் புரதச் சத்தை, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு மதிப்பிட்டனர். மெலமைன் என்னும் இரசாயனப் பொருளில் நைட்ரஜன் மிகுதி. நீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால் சோதனையில் புரதம் மிகுந்திருப்பதுபோலத் தோன்றும். அவ்வண்ணமே செய்தனர். ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோய்வாய்ப்பட்டனர். சில குழந்தைகள் உயிர் துறந்தன. சோதனைக் குழாய் காட்டிய எண் சரியாகவே இருந்தது. குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த பால் விஷமாயிருந்தது. சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளாதார நிபுணர் 1975இல் பணவிஷயம் பற்றி எழுதுகையில், ஓர் அளவை ஆட்சிக்குரிய கருவியாக்கியவுடனே அது தன் பழைய நம்பகத்தை இழந்துவிடுகின்றது என்னும் கருத்தை வெளியிட்டார். பணத்துக்குப் பொருந்தியது பாலுக்கும் பொருந்தும், மளிகைக்கும் பொருந்தும்.

இரண்டாவது விஷயம், அளக்க வேண்டிய இடம் எது என்பது. இதற்கும் பாலையே எடுத்துக்கொள்வோம். 1981இல் ஏற்பட்ட தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் ஆவின் என்னும் பெயரால் யாவர்க்கும் தெரிந்தது. அதன் தலைமைக் காரியாலயம் நமக்கு அண்மையில் நந்தனத்திலேயே இருக்கின்றது. மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று இடங்களிலுள்ள பண்ணைகளிலிருந்து சென்னை நகருக்குப் பால் வருகின்றது. இப்போது ஒரு கேள்வி: பண்ணை வாயிலை வண்டி இத்தனை மணிக்குக் கடந்தது என்பதை அளப்பதா? மந்தைவெளியில் ஒரு தாயார் விடியற்காலையில் பால் உறையைக் கையில் பெற்ற நேரத்தை அளப்பதா? முன்னது அளப்பதற்கு எளிது, பின்னது கடினம். ஆனால் அவ்வம்மையார்க்குப் பண்ணை வாயிலைப் பற்றிய கவலை இல்லை. குழந்தை எழுமுன் பால் வந்ததா, கேட்ட நிறத்து உறை வந்ததா, உறை கிழியாமல் வந்ததா என்பனவே அவர் கேட்பன. அனுப்புவோன் வாயிலில் அளப்பது அனுப்புவோன் மனத்தைத் தேற்றும். பெறுவோர் வாயிலில் அளந்தாலன்றி வியாபாரம் விளங்காது.

நம் கடைகளுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வீட்டுக்கு அனுப்பும் ஒரு சாமான் பட்டியல் குறையற்றதாக வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: சொன்ன வேளையில் சேரவேண்டும், கேட்ட சாமான் முழுவதும் சேரவேண்டும், சேதமின்றிச் சேரவேண்டும், சீட்டில் விலையும் எடையும் பிழையின்றி இருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 95 பங்கு சரியாயிருக்கின்றது என்று கொள்வோம். கடைக்காரர் மனம் மகிழ்வார். ஆனால் நான்கும் ஒன்றையொன்று சாராதனவாயின், நான்கும் ஒருங்கே சரியாக அமைந்தவை நூற்றுக்குச் சுமார் 81 மாத்திரமே. ஐந்து வீட்டில் ஏறக்குறைய ஒரு வீடு ஏதோவொரு குறையுடன் இருக்கின்றது என்று அர்த்தம்.

மற்றுமொரு கணக்கையும் நோக்குக. 100 வீடுகள், வீட்டுக்குப் 10 சாமான்களாக 1,000 சாமான்கள் கேட்டிருந்தன. அவற்றுள் 50 சாமான்கள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாமானை எண்ணினால் நூற்றுக்கு 95 கொடுத்தாயிற்று. ஆனால் அந்த 50 சாமானும் 50 வீடுகளில் வீட்டுக்கொன்றாகக் குறைந்திருந்தால், நூற்றுக்கு 50 வீடுகள் மனக்குறை அடைந்தன. பெருங்காயம் ஒன்றுக்காக மற்றொரு கடைக்கு ஆள் அனுப்பிய வீடு, அடுத்த மாதம் பட்டியல் முழுவதையும் அங்கேயே கொடுத்துவிடும். ஆகையால் சாமானை எண்ணாமல் வீட்டை எண்ணுக என்பது நமது வேண்டுகோள்.

இனி வேகத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். ஏனெனில் நம் வாலிபர்கள் மனத்தை இதுவே பெரிதும் கலக்குகின்றது. பத்து நிமிஷத்தில் வீட்டு வாயிலில் கொண்டுவந்து சேர்ப்போம் என்று சில புதிய கம்பெனிகள் விளம்பரம் செய்துவந்தன. அவர்கள் நம் பேட்டைகளிலேயே சிறு கிடங்குகளை வைத்துக்கொண்டு, பொருள் எடுத்த நேரம், கட்டிய நேரம், சேர்ந்த நேரம் யாவற்றையும் நிமிஷக் கணக்கில் எழுதுகின்றனர். அந்தச் சிரத்தை நாம் கற்றுக்கொள்ளத் தக்கதே. ஆனால் வேகம் ஒன்றையே தலையாய அளவாக்கியதன் பலன் என்ன? அமெரிக்காவில் டாமினோஸ் கம்பெனியார் 30 நிமிஷத்தில் பண்டம் சேராவிடில் விலையில் சலுகை என்று வாக்களித்திருந்தனர். வண்டியோட்டும் வாலிபர்களின் அவசரத்தால் விபத்துகள் நேர்ந்தன என்று வழக்குகள் மூண்டன. 1993இல் அவர்கள் அந்த வாக்கை அங்கே கைவிட்டனர். நம் தேசத்திலும் 2026ஆம் ஆண்டு ஜனவரியில், மத்திய சர்க்காரின் தொழிலாளர் அமைச்சர் எடுத்துக் கூறியதன்மேல், ப்ளிங்கிட் கம்பெனியார் பத்து நிமிஷ விளம்பரத்தை நீக்கினர்.

வெயிலிலும் மழையிலும் இருசக்கர வண்டியேறி அலையும் அவ்வாலிபர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். நம் கடைப் பையனும் அவ்வாறே. வேகத்தை அளக்கும் கடைக்காரர், அதனருகில் விபத்தையும், கை தவறி உடைந்த சாமானையும், ஆள் வேலையைவிட்டு நின்றதையும் அளந்தே தீரவேண்டும். மேலும் ஒன்று கூறுவோம். நம் வாடிக்கைக்காரரில் பெரும்பாலோர்க்குப் பத்து நிமிஷம் தேவையன்று. மாதப் பட்டியல் கொடுக்கும் குடும்பம் விரும்புவது, "வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு" என்று சொன்னால் அவ்வேளையில் வரவேண்டும் என்பதுதான். வேகத்தில் பெரிய முதலாளியுடன் நாம் போட்டியிட இயலாமற் போகலாம். சொன்ன சொல் தவறாமையில் போட்டியிடலாம்.

அடுத்தபடியாக, சராசரி என்னும் எண்ணிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். விருதுநகரிலிருந்து பருப்பு வருகின்றதென்று வைத்துக்கொள்க. ஒரு லாரிக்காரர் ஐந்து நடைகளில் முறையே 1, 1, 2, 4, 7 நாட்களில் சரக்கைச் சேர்த்தார். சராசரி 3 நாள். மற்றொருவர் எப்போதும் 4 நாளில் சேர்க்கின்றார். சராசரியை மாத்திரம் பார்த்தால் முன்னவர் மேல். ஆனால் முன்னவரை நம்பினால் 7 நாளுக்குரிய சரக்கைக் கிடங்கில் இருத்திவைக்க வேண்டும். பின்னவரை நம்பினால் 4 நாளுக்குரியது போதும். தியாகராய நகரத்தில் கிடங்குக்கு இடம் கிடைப்பதன் அருமையை அறிந்தவர்கள் எவர் மேலென்பதைத் தாமே கூறுவர். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் ஆன நாளைத் தனித்தனியே எழுதிவருக. மிகக் குறைந்ததையும் மிக நீண்டதையும் நோக்குக. இதற்குப் புதிய கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு வேண்டியிருக்கின்றது. குண்டூரிலிருந்து மிளகாய் வருவிப்போர் அச்சீட்டின் தேதியையும் கிடங்கில் இறக்கிய தேதியையும் அருகருகே குறித்தாலே போதுமானது.

இனி முடங்கிய முதலைப் பற்றி ஆராய்வோம். 1961இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஓர் எளிய விதியைக் கணித முறையால் நிரூபித்தார். ஓரிடத்தில் தங்கியுள்ள பொருளின் அளவு, நாளொன்றுக்குச் செல்லும் அளவையும் ஒரு பொருள் தங்கும் நாளையும் பெருக்கினால் வருவதாகும். ஒரு கடையில் நாளொன்றுக்கு 4 மூட்டை அரிசி விற்கின்றது; கிடங்கில் எப்போதும் 60 மூட்டை இருக்கின்றது; ஆயின் ஒவ்வொரு மூட்டையும் 15 நாள் உறங்குகின்றது. மூட்டை 1,500 ரூபாய் எனில் 90,000 ரூபாய் உறங்குகின்றது. நூற்றுக்கு 12 வட்டி வீதம் வருஷத்துக்கு 10,800 ரூபாய் அதற்கு வட்டி. உறங்கும் நாளை 8 ஆகக் குறைத்தால் 32 மூட்டை போதும். 42,000 ரூபாய் கைக்கு வரும். ஒரு சரக்குக்கு மாத்திரம் இவ்வளவு. கடையிலுள்ள பல நூறு சரக்குகளுக்கும் கணக்கிட்டால் சில குடும்பங்களில் பிள்ளைகளின் கல்விச் செலவே கிடங்கில் மூட்டையாய்க் கிடப்பது புலனாகும்.

ஆனால் முன்னர்க் கூறிய இணை அளவை இங்கு மறத்தலாகாது. உறங்கும் நாளை மாத்திரம் அளந்து குறைத்துக்கொண்டே போனால், ஒருநாள் வாடிக்கைக்காரர் கேட்கும்போது சரக்கு இல்லாமற் போகும். "இல்லை" என்று சொன்னது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. விற்றது ஏறும், விற்காமல் விட்டது ஏறாது. ஆகையால் கல்லாப் பெட்டிக்கருகில் ஒரு சிறு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கேட்டும் கொடுக்க இயலாத சாமானை அவ்வப்போது எழுதிவருமாறு வேண்டுகின்றோம். ஒரு மாதத்து "இல்லை" நோட்டைப் படித்தால் கடையின் நோய் பாதி விளங்கும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் எதை அதிகமாகக் கொள்முதல் செய்யவேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.

காரியத்தை அளப்பதோடு நில்லாமல் காரணத்தையும் அளத்தல் வேண்டும். 1911இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனத்தின் பஸ்களைப் பார்த்து ஜனங்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்று அந்நாளைய பெருமையை இன்றும் பேசுவர். மாட்டு லாடத்து ஆணிகள் பாதையில் கிடந்து டயர்களைக் குத்தித் தாமதம் விளைவித்தமையால், காந்தம் பொருத்திய வண்டியொன்றை அனுப்பி அவற்றைப் பொறுக்கச் செய்தனர் என்றும் கூறுவர். இதிலுள்ள பாடத்தை ஊன்றி நோக்குக. பஸ் தாமதமாயிற்று என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டால் ஆணி மறையாது. தாமதம் என்பது முதலாளி பார்க்கவேண்டிய எண். ஆணி என்பது வேலையாள் கைக்கு எட்டும் எண். இரண்டும் வேண்டும். அந்நாளில் அதே குடும்பத்து ஸ்தாபனங்களில் ஒன்றாயிருந்த, சென்னைப் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பான் தேசத்து டெமிங் பரிசைப் பெற்றதும் இவ்விதக் காரண ஆராய்ச்சியின் வழியைப் பின்பற்றியே.

நம் கடைகளில் ஆணிகள் எவை? கோயம்பேட்டு மார்க்கெட்டிலிருந்து வண்டி புறப்படத் தாமதமா? கடை வாயிலில் வண்டி நிறுத்த இடமின்றி இறக்குக் கூலியாட்கள் காத்திருந்தனரா? கிடங்கில் இன்ன சாமான் இன்ன இடத்தில் என்று ஒழுங்கில்லாமல் தேடினரா? வீட்டு விலாசத்தில் மாடி எண் இல்லையா? தாமதம் நேர்ந்தபோதெல்லாம் காரணத்தை ஒரே சொல்லில் எழுதினால், ஒரு மாதத்தில் ஏழெட்டுக் காரணங்கள் சேரும். அவற்றுள் இரண்டே பெரும்பாலான தாமதங்களை உண்டாக்குவது பலவிடத்தும் காணப்படுகின்றது. அவ்விரண்டையும் நீக்குவதே முதற்காரியம்.

நல்ல நாளில் எடுத்த அளவு, கெட்ட நாளுக்குப் பயன்படாமற் போவதும் உண்டு. 1878இல் தோன்றிய 'தி ஹிந்து' பத்திரிகை, 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, தன் சரித்திரத்தில் முதன்முறையாகச் சென்னையில் அச்சேறி வரவில்லை. மறைமலைநகர் அச்சுக்கூடத்துக்கு வெள்ளத்தால் ஆட்கள் சென்று சேர இயலாமற் போனதே காரணம். அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் சூழ்ந்த நாட்கள் அவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரின் பல பகுதிகளில் பால் கிடைப்பது அரிதாயிற்று. மற்ற நாட்களில் எத்துணைத் திறமையாக நடந்த ஏற்பாடாயினும் அந்நாளில் எத்தனை நாளில் மீண்டெழுகின்றது என்பதும் ஓர் அளவே. ஆகவே ஆண்டுக்கொருமுறை, புரட்டாசி முடிவதற்குள், ஒவ்வொரு கடைக்காரரும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வாராக: வண்டி வராவிடில் எத்தனை நாளைக்குச் சரக்கு இருக்கின்றது? கிடங்கின் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் மூட்டைகள் இருக்கின்றன? இரண்டாவது கொள்முதலிடம் எது? மின்சாரமும் டெலிபோனும் நின்றால் வாடிக்கைக்காரர் விலாசம் காகிதத்தில் இருக்கின்றதா?

செலவை அளப்பதில் ஒரு பெரிய தேசமே எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று காட்டுவோம். இந்தியாவில் சரக்குப் போக்குவரவுச் செலவு தேச வருமானத்தில் நூற்றுக்கு 13 அல்லது 14 என்று பல ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லிவந்தனர். 2022 செப்டம்பரில் தேசீய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வெளியான காலத்தும் இவ்வெண்ணே வழங்கியது. பின்னர் பொருளாதார ஆராய்ச்சி ஸ்தாபனமொன்றைக்கொண்டு சர்க்கார் முறையாகக் கணக்கிட்டபோது, 2023-24ஆம் ஆண்டுக்கு அது நூற்றுக்கு 7.97 என்று வந்தது. இதனால் செலவு திடீரெனப் பாதியாயிற்று என்பதன்று. முன்னர் எதைச் சேர்த்தனர், எதை விட்டனர் என்ற வரையறையே தெளிவாயில்லை என்பதுதான் பொருள்.

நம் கடைக் கணக்கும் அதுவே. நம்மவர் பலர் வண்டிச் சத்தத்தை மாத்திரம் போக்குவரவுச் செலவாக எழுதுகின்றனர். ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, எடைக்குறைவு, சேதாரம், திரும்பி வந்த சரக்கு, கிடங்கில் முடங்கிய முதலுக்கு வட்டி ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. இடம் சொந்தமாகையால் வாடகையை எழுதுவதில்லை. தம்பியும் மைத்துனனும் சம்பளமின்றி உழைப்பதை எழுதுவதில்லை. இல்லத்தரசியார் இரவு வெகுநேரம் பருப்பு பொட்டலம் கட்டுவதை எழுதவே எழுதுவதில்லை. இவற்றையெல்லாம் எழுதினால் கடை நஷ்டமென்று தோன்றுமே என்று அஞ்சவேண்டாம். உண்மை தெரிந்தாலன்றோ பிள்ளையின் கேள்விக்கு விடை கூற இயலும்? இடத்தின் வாடகையையும் குடும்பத்தார் உழைப்பின் கூலியையும் கழித்த பின்னரும் மிச்சம் நிற்குமாயின், கடை தொடரத் தக்கது என்று தந்தையார் தைரியமாகக் கூறலாம். நில்லாதாயின், எந்த இடத்தில் ஒழுகுகின்றது என்று பார்த்து அடைக்கலாம். அடைக்க இயலாதென்று நிச்சயமானால் கௌரவத்தோடு வேறு தொழிலுக்கு மாறலாம், அதுவும் இழிவன்று.

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கி, ஒரு நடுத்தரக் கடைக்குப் போதுமான ஐந்து அளவுகளை முன்வைக்கின்றோம். முதலாவது, குறையற்றுச் சேர்ந்த பட்டியல்கள் நூற்றுக்கு எத்தனை. இரண்டாவது, கொள்முதல் சொல்லியது முதல் சரக்கு இறங்கும் வரையிலான நாட்களில் மிகக் குறைந்ததும் மிக நீண்டதும். மூன்றாவது, முக்கியமான இருபது சரக்குகள் கிடங்கில் தங்கும் நாட்கள். அதற்கு இணையாக "இல்லை" நோட்டின் எண். நான்காவது, ஒரு வீட்டுக்குச் சாமான் சேர்க்க ஆகும் முழுச் செலவு. ஐந்தாவது, விபத்தும் சேதமும் ஆள் நின்றதும். ஐந்துக்கு மேற்பட்டால் எழுதுவோர்க்குச் சலிப்பு வரும். பார்ப்போர்க்குக் குழப்பம் வரும். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வீட்டில் கணக்கில் தேர்ந்த பெண்மக்கள் பலர் இருக்கின்றனர்; இந்தப் பக்கத்தை அவர்கள் பொறுப்பில் விடலாம் என்பது நமது அபிப்பிராயம். எழுதும் உழைப்புக்குரிய மதிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

இந்த எண்களைக்கொண்டு வேலையாட்களைத் தண்டிக்கலாகாது. அளவுகோலைப் பிரம்பாக்கினால் அவர்கள் எண்ணைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்வரேயன்றிப் பிழையைத் திருத்தார். மூட்டை சுமப்பவரையும் வண்டியோட்டுபவரையும் வாரத்துக்கொருமுறை உட்காரவைத்து, "இந்த எண் ஏன் இப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஆணி கிடக்கும் இடத்தை அறிந்தவர்கள் அவர்களே.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். தனித்தனியே இக்கணக்கு எழுதுவதினும், ஒரே வகை வியாபாரம் செய்யும் அங்கத்தினர் பத்துப் பேர் மூன்று மாதம் ஒரே முறையில் எழுதி, பெயர் குறியாமல் எண்களை மாத்திரம் சங்கத்தில் சேர்த்தால், தம் கடை மற்றவற்றினும் எதில் பிற்பட்டிருக்கின்றது என்று ஒவ்வொருவரும் அறியலாம். மண்டிக்குத் தனித்தனி வண்டி அனுப்பும் ஐந்து கடைக்காரர் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்வது ஆதாயமா அன்றா என்பதும் அக்கணக்கிலிருந்தே விளங்கும். ஒற்றுமை வேண்டும் என்று நம் மகாநாடுகளில் பலகாலும் பேசுகின்றோம். ஒரே விதமாகக் கணக்கெழுதுவதிலிருந்தே அவ்வொற்றுமையைத் தொடங்கலாம்.

காரியதரிசி அவர்கள் இதற்கென ஒரு பக்கப் படிவத்தைத் தயாரித்து வேண்டுவோர்க்கு அளிக்க இசைந்தால், மூன்று மாதம் கழித்து இதே சபையில் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் கூடுவோம். தந்தையாரும் பிள்ளையும் அன்று ஒரே தாளை நோக்கிப் பேசட்டும்.